8521220 என்ற கப்பல்

சங்ககிரியில் பழைய லாரி ஒன்று கைமாறும்போது ஆர்.சி. புத்தகத்தோடு ஒரு துண்டுக் காகிதமும் கைமாறும். சேஸிஸில் எண் பொறித்த இடத்தைத் துடைத்து, காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவே எண் வெள்ளையாக எழும்பி வரும். வண்டியின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர் இருக்கலாம், முதலாளியின் மகள் பெயர் இருக்கலாம். வாங்குகிறவர் பார்ப்பது அந்தப் பென்சில் அச்சைத்தான். லாரிக் கணக்கு எழுதும் வேலையில் இத்தகைய காகிதங்களைப் பல ஆண்டுகளாகக் கோப்பில் ஒட்டிவந்த எனக்கு, கப்பல்களுக்கும் இப்படி ஓர் எண் உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து, பெயர் மாறிய கப்பல்களின் வரலாற்றைத் தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987-ல் கொண்டுவந்து, 1996 முதல் கட்டாயமாக்கிய ஏழு இலக்க எண் அது. கொடி மாறினாலும், உரிமையாளர் மாறினாலும், பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. கப்பலை உடைத்த பிறகும் இன்னொரு கப்பலுக்கு அதைக் கொடுப்பதில்லை. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 8521220 என்ற எண்ணுக்கு இந்தக் கணக்கைப் போட்டேன். 110 வந்தது, கடைசி இலக்கம் பூஜ்யம், சரியாக இருந்தது.

அந்த எண்ணுக்குரிய உல்லாசக் கப்பலை இந்தியாவில் 'கர்ணிகா' என்ற பெயரில் அறிவார்கள். இத்தாலியின் மொன்ஃபால்கோனே கப்பல் தளத்தில் ஃபின்கான்டியெரி நிறுவனம் அதைக் கட்டியது. 245 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 70,000 டன் கொள்ளளவும் கொண்ட அதன் புறத்தோற்றத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ. மேல்தளத்தின் முன்பகுதி டால்பினின் நெற்றியைப் போல வழுவழுவென்று வளைந்து இறங்கும். கட்டச் சொன்னது சிட்மார் என்ற நிறுவனம். ஆனால் வேலை முடிவதற்குள், 1988-ல், அந்த நிறுவனத்தையே பிரிட்டனின் பி அண்ட் ஓ என்ற கப்பல் நிறுவனம் வாங்கிவிட்டதால், கப்பல் 1990-ல் அதன் பிரின்சஸ் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்து, நடிகை சோஃபியா லோரன் பெயர் சூட்ட 'கிரவுன் பிரின்சஸ்' ஆனது. பிறக்கும் முன்பே ஒரு கை மாறிவிட்டது.

2002-ல் ஜெர்மன் பயணிகளுக்காக 'ஆரோசா புளூ' ஆனது. 2004-ல் 'ஐடாபுளூ' ஆனது. ஐடா என்ற ஜெர்மன் பிரிவின் கப்பல்களின் முகப்பில் சிவந்த உதடும் கண்களும் வரைவது அவர்கள் வழக்கம். நம் ஊர் லாரி முகப்பில் பூசணிக்காயும் அசுர முகமும் வரைகிற பெயிண்டர்கள் அதைப் பார்த்தால் குறை சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 2007-ல் கோட்டும் டையும் இல்லாமல் சாவகாசமாகப் பயணம் போக விரும்பும் ஆங்கிலேயர்களுக்கென்று 'ஓஷன் வில்லேஜ் டூ' ஆகி, அந்தப் பிரிவை மூட முடிவெடுத்ததும், 2009-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 'பசிபிக் ஜூவல்' ஆனது.

பட்டியலைப் படிக்கும்போது கப்பல் ஊர் ஊராக விலைபோனதாகத் தோன்றும். கணக்குப் பார்க்கிறவன் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. பிரின்சஸ் பிரிவு 2000-ல் பி அண்ட் ஓவிலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்தது. அது 2003-ல் கார்னிவல் குழுமத்தோடு இணைந்தது. மேலே சொன்ன ஜெர்மன், ஆங்கில, ஆஸ்திரேலியப் பெயர்கள் எல்லாமே இந்த ஒரே வீட்டின் பிரிவுகள். எங்கள் பக்கத்தில் அண்ணன் ஓட்டிய வண்டியைத் தம்பி எடுத்து, முகப்பில் தன் பிள்ளை பெயரை எழுதிக்கொள்வதைப் போலத்தான் இதுவும். புது வண்டி வடநாட்டு லைனுக்குப் போகும், வயதான வண்டி உள்ளூர் லோடுக்கு வரும். புதிய கப்பல்கள் வர வர, பழையதை அடுத்த சந்தைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆக, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அந்தக் கப்பல் ஓட்டுவதற்காக உண்மையிலேயே வெளியாளுக்கு விற்கப்பட்டது ஒரே ஒரு முறைதான்.

அந்த விற்பனை 2019-ல் நடந்தது. வாங்கியது மும்பையைச் சேர்ந்த ஜலேஷ் குரூஸஸ். தாமரைப் பொகுட்டு என்று பொருள்படும் 'கர்ணிகா' என்ற பெயர் வைத்து, அந்த ஏப்ரலில் பயணத்தைத் தொடங்கினார்கள். ஓராண்டு முடியும் முன்பே பெருந்தொற்று வந்தது. கப்பல் மும்பையில் நங்கூரமிட்டு நின்றது; ஓடாத வண்டிக்கும் வட்டி ஓடும் என்பது லாரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாக்கி வழக்குகள் மும்பை உயர் நீதிமன்றம் வரை போய், 2020 நவம்பரில் கர்ணிகா குஜராத்தில் பழைய கப்பல்களை உடைக்கும் அலங் கரையில் ஏற்றப்பட்டது.

எங்கள் பெயிண்டர் அண்ணனிடம் கிரவுன் பிரின்சஸ் படத்தையும் கர்ணிகா படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். பழைய எழுத்தின் மேல் புதுப் பெயர் எழுதுவதில் அவருக்கு நாற்பது ஆண்டு அனுபவம். "பழைய பேரு ஒரே கோட்டிங் பெயிண்டுல அடங்காதுங்க தம்பி, சாயங்கால வெயில்ல சாய்ச்சுப் பாத்தா மேடு தெரியும்," என்று எப்போதும் சொல்கிறவர், இந்தப் படங்களில் எழுத்தைப் பார்க்கவே இல்லை. "இந்த நெத்திய எப்படிங்க மறைப்பாங்க?" என்றுதான் கேட்டார்.

மறைக்கவில்லை, அலங்கில் வெட்டினார்கள். கடல் ஓதம் உயரும் நாளில் கப்பலை முழு வேகத்தில் ஓட்டி முகப்பைச் சேற்றில் ஏற்றிவிட்டு, முன்பக்கத்திலிருந்து கேஸ் கட்டரால் அறுத்துக்கொண்டே பின்னோக்கிப் போவது அங்கு வழக்கம். பியானோ வரைந்த நெற்றிக்கு அதனால் முன்வரிசையிலேயே இடம் கிடைத்திருக்கும்.

அதே தளத்தில் கட்டிய தங்கைக் கப்பலின் எண் 8521232. மார்கரெட் தாட்சர் 1991-ல் பெயர் சூட்டிய 'ரீகல் பிரின்சஸ்' அது. பிறகு 'பசிபிக் டான்', அதன் பிறகு பிட்காயின் ஆர்வலர்கள் வாங்கிப் பனாமா கடலில் மிதக்கும் குடியிருப்பாக்க நினைத்த சில மாதங்களுக்கு 'சதோஷி'. காப்பீடு கிடைக்காததால் அந்தத் திட்டம் கலைந்தது. அதையும் உடைக்கத்தான் போகிறார்கள் என்று இருந்த நிலையில், 2021-ல் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கி 'ஆம்பியன்ஸ்' என்று பெயரிட்டது. 2022 ஏப்ரலில் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரியிலிருந்து மீண்டும் பயணம் புறப்பட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றி வளைவு அப்படியே இருக்கிறது.