அப்பாவின் காது மெஷினும் பாவாடை நாடாவும்

2020 மார்ச் 25 அன்று நாடே ஊரடங்கில் முடங்கியபோது, மருந்துக் கடையில் முகக்கவசத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டு அம்மா வெறுங்கையோடு திரும்பிவிட்டார். வீட்டில் கால்மிதித் தையல் மெஷின் இருக்கும்போது அது எதற்கு என்பது அவர் கட்சி.

மதுரையில் சுங்குடிக்குப் பஞ்சமா? வெளிப்பக்கத்துக்குப் பழைய சுங்குடிச் சேலை, உள்ளே அப்பாவின் மல் வேட்டி. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் அப்போது ஒரு கையேடு வெளியிட்டிருந்தது. பருத்தித் துணியை உப்புப் போட்ட தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, பிறகு தைக்கச் சொன்னார்கள். கிருமிக்குச் சொன்னது சுங்குடிக்கும் நல்லதாயிற்று. சிவப்புச் சாயம் பாத்திரத்திலேயே இறங்கியது, எங்கள் மூக்கு தப்பியது.

எலாஸ்டிக் விற்கும் கடை எதுவும் திறக்கவில்லை. பழைய பனியனைக் குறுக்குவாட்டில் அரை அங்குலக் கீற்றாக வெட்டி ஓர் இழுப்பு இழுத்தால், தானே சுருண்டு கயிறாகிவிடும். எலாஸ்டிக்கைவிட இதுதான் காதுக்கு இதம் என்று இப்போதும் சொல்வேன்.

ஆனால் அப்பாவுக்கு அதுவும் ஆகவில்லை. கழற்றும்போதெல்லாம் காது மெஷினும் கூடவே வந்து விழுந்தது. எனவே அவருக்கு மட்டும் பாவாடை நாடா: உச்சந்தலைக்குப் பின்னால் ஒரு முடிச்சு, பிடரியில் ஒரு முடிச்சு. கட்டிவிட்டதும் கண்ணாடியில் பார்த்து, “யாருக்கம்மா ஆபரேஷன்?” என்றார்.

என் கணவருக்கு மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்வது தொல்லை. மோட்டார் காயில் கட்டும் செப்புக் கம்பியை இரண்டாக முறுக்கி, முனைகளை உள்ளே மடக்கி, மேல் ஓரத்துப் பட்டிக்குள் நுழைத்தேன். மூக்கின் மேல் அழுத்திவிட்டால் மூச்சு மேலே ஏறாது. பட்டியின் ஒரு பக்கத்தைத் தைக்காமல் விட வேண்டும், துவைக்கும்போது கம்பியை உருவிக்கொள்ளலாம்.

குன்னூர்ச் சித்தி, பொழுது போகாமல், ஆளுக்கொன்று கம்பளி நூலில் பின்னி வைத்திருந்தார். பஸ் ஓடத் தொடங்கியதும் வந்து சேர்ந்தன. பூ வேலைப்பாடு அத்தனை நேர்த்தி! வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணிக்குக் கண்ணி ஜன்னல். பின்னல் இழுபடும், இழுபட்டால் ஓட்டை பெரிதாகும். உள்ளே இரண்டு மடிப்பு மல் துணி வைத்துத் தைத்துப் பார்த்தேன். குன்னூருக்குச் சரி, மதுரை வெயிலில் கம்பளியை மூக்கில் கட்டிக்கொண்டு யார் நடப்பது? மகள் தன் பொம்மைகளுக்கு எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று தமிழக அரசு அறிவித்தபோது, தெருமுனையிலேயே விதவிதமாகத் தொங்கின. என் கணவர் அதற்கு மாறிவிட்டார். அப்பா நாடாவை விடவில்லை. அம்மாவோ ஒரு கல்யாணத்துக்காக, பட்டுச்சேலைக்குப் பொருத்தமாகப் பட்டிலேயே வேண்டும் என்றார். கொதிக்கும் தண்ணீரில் பட்டு என்ன ஆகும் என்று கேட்டேன். கடைசியில் பருத்தியில்தான் தைத்தேன், ஓரத்துக்கு மட்டும் ரவிக்கையில் மிஞ்சிய பட்டுத் துண்டு.