அம்மாவின் கல்லீரல் கட்டியும் நுண்குமிழி ஸ்கேனும்

அம்மாவின் கல்லீரலில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாக அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்திருந்ததால், சி.டி. ஸ்கேனுக்கான அயோடின் மருந்தை ஏற்றத் தயங்கிய மருத்துவர், கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் (ஊசி வழியே மருந்து ஏற்றி, கட்டியில் இரத்தம் பாய்வது திரையில் ஒளிர்வதைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்து வரச் சொன்னார். இதில் ஏற்றப்படுவது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு அடங்கிய நுண்குமிழிகள்; அந்த வாயு சிறுநீரகத்துக்கு வேலை வைக்காமல் மூச்சுக்காற்றோடு வெளியேறிவிடும்.

முதலில் சென்ற மையத்தில் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, சாதாரண அல்ட்ராசவுண்டையே மறுபடியும் எடுத்துக் கையில் கொடுத்தார்கள். குமிழிகளைப் பிரித்துக் காட்டும் வசதி தங்கள் இயந்திரத்தில் இல்லை என்பதை அதன் பிறகே சொன்னார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் அம்மா காத்திருந்ததை நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை. ஆகவே, புறப்படும் முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்: இயந்திரத்தில் கான்ட்ராஸ்ட் வசதி உண்டா, மருந்துக் குப்பி இருப்பில் உள்ளதா, கல்லீரலுக்கு இதைச் செய்து பழகிய மருத்துவர் அன்று இருப்பாரா?

அடுத்த மருத்துவமனையில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அறிக்கை இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று முன்மேசை ஊழியர் பிடிவாதமாக இருந்தார். அது சி.டி.க்கான விதி என்று நாங்கள் சொன்னது எடுபடவில்லை. ஸ்கேன் மருத்துவரே வெளியே வந்து சொன்ன பிறகுதான் சீட்டு கிடைத்தது. உள்ளே போனால், பழைய படங்கள் இருந்த குறுந்தகடு அங்கிருந்த கணினியில் திறக்கவில்லை. ஒருமுறை மருந்து ஏற்றும்போது முதல் சில நொடிகளில் ஒரு கட்டியைத்தான் சரியாகக் கவனிக்க முடியும் என்பதால், எதைக் குறிவைப்பது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். கையோடு கொண்டுபோயிருந்த அச்சுப்படம்தான் உதவியது. புறங்கையில் போட்டிருந்த மெல்லிய ஊசியை எடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் 20 கேஜ் ஊசியைப் போடச் செய்தார் மருத்துவர். குறுகலான ஊசியில் குமிழிகள் உடைந்துவிடக்கூடுமாம்.

2.4 மில்லிலிட்டர் மருந்தும் அதைத் தொடர்ந்து உப்புநீரும் ஏறியதும் திரையில் கடிகாரம் ஓடத் தொடங்கியது. கல்லீரலில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முதலில் பளிச்சென்று ஒளிர்ந்து, 60 நொடிகளுக்குப் பிறகு மெல்ல மங்கும்; வேறிடத்திலிருந்து பரவியதோ அதற்கு முன்பே வேகமாக மங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கியிருந்தார். அம்மாவின் கட்டியில் ஓரங்களில் திட்டுத்திட்டாகத் தொடங்கிய ஒளி மெதுவாக நடுவை நோக்கிப் பரவியது. 60 நொடி கடந்தது, 2 நிமிடமும் கடந்தது, அது மங்கவேயில்லை. "ஹெமாஞ்சியோமாதான் அம்மா, இரத்தக்குழாய்க் கட்டி, புற்றுநோய் இல்லை," என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது.

ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். இதய நோயோ மருந்து ஒவ்வாமையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உதரவிதானத்தை ஒட்டி ஆழத்தில் இருக்கும் கட்டிகளும், கொழுப்பு மிகுந்த கல்லீரலில் இருப்பவையும் இதில் தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால், உங்களுக்கு இது பொருந்துமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டச்சாகி வந்த அறிக்கையில் முடிவு மட்டுமே இருந்தது. எந்த நொடியில் எப்படி ஒளிர்ந்தது, எதுவரை மங்கவில்லை என்பதையும் எழுதித் தரும்படி வற்புறுத்தித் திருத்தி வாங்கினோம். காணொளிப் பதிவையும் கேட்டுப் பெற்றோம். எங்கள் மருத்துவர் முதலில் கேட்டதே அந்த நேரக் குறிப்பைத்தான்.