மே மாதத்தைப் பிடிக்கப் போன காலை

மே முதல் தேதி காலையில் கிரேக்கர்கள் ஊரைவிட்டு வயல்வெளிக்குப் போவார்கள். 'மே மாதத்தைப் பிடிக்கப் போகிறோம்' என்பது அவர்கள் வழக்கு. அங்கே பறித்த காட்டுப் பூக்களை வளையமாகக் கட்டி வாசற்கதவில் மாட்டுவார்கள். சில ஊர்களில் அந்த வளையத்துக்கே 'மே' என்றுதான் பெயர். அதைக் கட்டக் கற்றுக்கொள்ளத்தான் 2025இல் கிரீட் தீவுக்குப் போனேன்.

மலர் வளையம் என்றதும் நமக்குத் துக்க வீடுதான் நினைவுக்கு வரும். அதனால் இதை வாசல் வளையம் என்றே எழுதுகிறேன். அவர்கள் சொல் ஸ்தெஃபானி. திருமணத்தில் மணமக்கள் தலையில் வைக்கும் முடிக்கும் அதே சொல்தான்.

மே 1 அங்கே உழைப்பாளர் தினமும்கூட. நாடு முழுவதும் விடுமுறை. போக விரும்புகிறவர்கள் முந்தைய நாளே ஊர் சேர்ந்துவிடுங்கள். நான் ஏப்ரல் 30 அன்று ஹானியா நகரத்திலிருந்து பஸ் பிடித்து, கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விரீசஸ் என்ற சிற்றூரில் இறங்கினேன். அங்கிருந்து சற்று உள்ளே, மலையடிவாரத்தில் ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்திருந்தேன். தெற்கே லெஃப்கா ஓரி, அதாவது வெள்ளை மலைகள். உச்சி 2,453 மீட்டர். கீழே வெயில் சுட்டது. மேலே மடிப்புகளில் பனி வெள்ளைக் கோடாக மிச்சமிருந்தது.

பாட்டிக்குக் கிரேக்கம் மட்டுமே தெரியும். கல்லூரியில் படிக்கும் பேரன்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளன். என்னை அவர் கூப்பிட்டது 'கோரி மு' என்று, 'என் மகளே' என்று பொருள். பெட்டியை வைத்ததும், "பூ நாளைக்கு. இன்றைக்குக் கம்பு வெட்ட வேண்டும், வா மகளே" என்று ஓடைக்கரைக்கு அழைத்துப் போனார்.

கரையில் ஆளுயரப் புதர்கள். விரல் விரித்த கை போன்ற இலை, அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. என் கை தானாக ஒரு இலையைக் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோனது. காரமான, மிளகு கலந்த வாசனை. அடுத்த நொடியே தெரிந்துவிட்டது: இது நொச்சி! நொச்சியேதான் என்று சொல்ல முடியாது, அதன் உடன்பிறப்பு. கிரேக்கப் பெயர் லிகரியா. தாவரவியலில் இரண்டும் வைடெக்ஸ் என்ற ஒரே பேரினம். நம் பக்கம் நொச்சி மிலாறில் கூடை பின்னுவதுபோல அவர்களும் லிகரியாவில் பின்னியிருக்கிறார்கள். கோட்டையைக் காத்து நின்ற வீரர்கள் நொச்சிப் பூச் சூடினார்கள் என்பது நம் புறத்திணை மரபு. வாசலைக் காக்கும் வளையத்துக்கு உடம்பாக அதன் உறவுச் செடியே அமைந்ததை நினைத்து அந்த ஓடைக்கரையில் எனக்குச் சிலிர்த்தது. பேரனிடம் சொன்னேன். அவன் சொல்லக் கேட்ட பாட்டி, "தெரிந்த செடி என்றால் நீயே வெட்டு" என்று கத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்.

பென்சில் கனத்தில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் ஐந்து மிலாறுகள். இலைகளை உருவிவிட்டு, கம்பை முழங்காலில் வைத்து அங்குலம் அங்குலமாக வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் கணுவில் விரிசல் விடும். என் முதல் கம்பு அப்படித்தான் போனது. ஒரு கம்பை வட்டமாக்கி, அடுத்ததை அதன்மேல் முறுக்கிக்கொண்டே போகிறோம். முந்தைய கம்பு எங்கே மெலிகிறதோ அங்கே அடுத்த கம்பின் தடித்த நுனி வர வேண்டும், அப்போதுதான் சுற்றிலும் ஒரே கனம் கிடைக்கும். முனைகளைச் சந்துகளில் செருகிவிட்டால் ஆணியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். முடிந்ததும் பாட்டி வளையத்தைத் தரையில் நிறுத்தி உருட்டிவிட்டார். கோணாமல் உருண்டது.

காலையில் பனி உலர்ந்த பிறகுதான் புறப்பட்டோம். ஈரத்தோடு பறித்த பூ கட்டுக்குள் கறுத்துப் போகுமாம். ஒலிவத் தோப்புகளுக்கு அடியில் மஞ்சள் விரித்துக் கிடந்தது, சாமந்தியின் உறவான மந்திலீதா. சில பூக்கள் முழு மஞ்சள். சிலவற்றுக்கு நடுவில் மஞ்சள், விளிம்பில் வெள்ளை. இடையிடையே சிவப்புப் பாப்பி, ஊதா லாவெண்டர், காட்டு ஓட்ஸ் கதிர். வழியில் ஒரு புல்லைப் பார்த்து நின்றுவிட்டேன். மயிரிழைக் காம்புகளில் சின்னச் சின்ன இதயங்களைத் தட்டையாக்கித் தொங்கவிட்டது போன்ற கதிர்கள். மூச்சுவிட்டாலே ஆடின. காய்ந்தாலும் உருக்குலையாத புல் அது. ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

பாறை இடுக்கில் தேனீ உட்கார்ந்திருப்பது போன்ற ஒரு பூ. குனிந்து பார்த்தால் தேனீ இல்லை, இதழே அந்த வடிவம். ஆர்க்கிட். நீட்டிய கையைப் பாட்டி மெல்லத் தட்டிவிட்டார். அவர் பறித்ததெல்லாம் வயல் நிறைய மண்டிக் கிடந்த செடிகளிலிருந்துதான். அதிலும் ஒரு புதரில் ஓரிரு கிளைகள். பிறகு அடுத்த புதர். அருமையான பூவை வளையத்தில் வைக்கக் கூடாது, நிறைந்து கிடப்பதைத்தான் வைக்க வேண்டும் என்ற அவருடைய கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாப்பியைப் பற்றி எங்களுக்குள் ஒரு சிறு வாக்குவாதம். பறித்த பூவின் இதழ் வீடு சேருமுன்பே உதிர்ந்துவிடுகிறது, பிறகு எதற்கு என்றேன். பதிலுக்குப் பாட்டி ஒரு மொட்டைக் கொய்து உள்ளங்கையில் வைத்தார். பச்சை ஓட்டின்மேல் முரட்டு ரோமம். நகத்தால் கீறியதும் ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே, கசக்கித் திணித்த பட்டுத்துணி போலச் சுருக்கம் சுருக்கமாக இதழ்கள். "தலை நிமிர்ந்து, ஓரத்தில் சிவப்புத் தெரியும் மொட்டாக எடு. கதவில் வந்து விரியும். ஒரு நாள் போதும் அதற்கு" என்றார்.

கட்டும் வேலை முற்றத்தில் நடந்தது. நான் வாழைநாரில் மல்லிகை கட்டிப் பழகியவள். அதே விரல் முடிச்சை இங்கும் போட்டேன்: ஐந்தாறு காம்புகளைச் சேர்த்து ஒரு பிடி, ஒரு முடிச்சு, நூலை அறு, அடுத்த பிடி. பாட்டி நூலை அறுக்கவே இல்லை. ஒரு பிடியை வளையத்தில் சாய்த்து வைத்து மூன்று சுற்று இறுக்கிச் சுற்றுவார். அடுத்த பிடியின் பூ முந்தையதன் காம்பை மூடும்படி வைத்து மறுபடி மூன்று சுற்று. எல்லாப் பிடிகளும் ஒரே திசையில் சாய்ந்தன. பாதி வளையம் அவர் கட்டு, பாதி என் கட்டு. கடைசியில் ஒரு முழுப் பூண்டைத் தண்டோடு செருகினார், கண்ணேறுக்கு. இது மட்டும் எனக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

கதவில் மாட்டிய ஒரு மணி நேரத்தில் இரண்டு பாப்பி விரிந்தன. மாலையில் இதழ்கள் வாசற்படியில் கிடந்தன. பாட்டி அவற்றைப் பெருக்கவில்லை.

மறுநாள் காலை என் பாதியில் மூன்று பிடிகள் நழுவித் தொங்கின. பச்சைக் காம்பு காயக் காய மெலியும். முடிச்சு அதற்கேற்ப இறுகாது. விடாமல் சுற்றிய நூலில் ஒவ்வொரு சுற்றையும் அடுத்த பிடி அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அன்று மாலைக்குள் வாடிவிடும் மல்லிகைச் சரத்துக்கு முடிச்சு போதும். வாரக்கணக்கில் கதவில் காயப்போகும் வளையத்துக்கு அது போதாது. நழுவிய பிடிகளைப் பிரித்து, என் பாதி முழுவதையும் அவர் முறையில் புதிதாகச் சுற்றினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் இழுக்கும்போதெல்லாம், "இன்னும்... இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சொல்லைக் கிரேக்கத்தில் கற்றுக்கொண்டேன்: அகோமி.

வளையம் ஜூன் வரை கதவில் இருக்கும். ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவில், தெருவில் தீ மூட்டி அதில் போடுவார்கள். பிறகு அந்தத் தீயைத் தாண்டிக் குதிப்பார்கள். அதைப் பார்க்க நான் அங்கே இல்லை. பேரன் ஒரு புகைப்படம் அனுப்பினான். பூவும் கதிரும் எரிந்துபோயிருந்தன. அவற்றுக்குள் ஏழு வாரமாக மறைந்திருந்த லிகரியா வளையம் மட்டும், நாங்கள் முறுக்கிய முறுக்கு ஒவ்வொன்றும் தெரிய, வட்டம் குலையாமல் சிவந்து கனன்றுகொண்டிருந்தது.