பேட்டரியைக் குடிச்ச ஜீனர்

பேட்டரி போர்டுல ஓவர்வோல்டேஜ் புரொடெக்‌ஷன்னா நான் ரொம்ப நாளா கிளாம்ப் வோல்டேஜ் மட்டும்தான் பார்ப்பேன். ஐசி எத்தனை வோல்ட் தாங்கும், டயோடு எத்தனைல புடிச்சு நிறுத்தும், அவ்ளோதான். அது மாறினது ஒரு சென்சார் போர்டால.

500 எம்ஏஹெச் (மில்லி ஆம்ப்-அவர்) லித்தியம் செல், தூங்குறப்ப 10 மைக்ரோ ஆம்ப் கூட எடுக்காது, எப்பவாவது முழிச்சு ரீடிங் அனுப்பும், கணக்குப்படி ஒரு வருஷம் தாராளமா ஓடணும், ஆனா ரெண்டு மாசத்துல ஒவ்வொண்ணா செத்து திரும்பி வந்துச்சு. எல்லாரும் போர்டுல ஓடுற புரோகிராமை, அதாவது ஃபர்ம்வேரைத்தான் சந்தேகப்பட்டோம். அதை எழுதின தம்பி நாள்கணக்கா புரோகிராமை வரிவரியா தோண்டிட்டு இருந்தான், தப்பு என் பக்கம்னு தெரிஞ்சப்ப அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.

துப்பு கிடைச்சது வோல்டேஜ் லாக்ல. ஃபுல் சார்ஜ்ல இருந்து சரசரன்னு இறங்குது, 3.6 பக்கம் வந்ததும் நிதானமாகுது. மீட்டரை சீரியஸ்ல போட்டுட்டு, செல்லுக்குக் குறுக்கே நான் வெச்சிருந்த 4.7 வோல்ட் ஜீனரோட (வோல்டேஜ் ஏறினா புடிச்சு நிறுத்துற டயோடு) ஒரு காலை மட்டும் அயர்ன் வெச்சு தூக்கினேன், 900 சொச்சத்துல நின்ன மைக்ரோ ஆம்ப் அப்படியே 8க்கு விழுந்துச்சு. 4.7ங்கறது 5 மில்லி ஆம்ப் ஓடுறப்போ இருக்கிற வோல்டேஜ். 5 வோல்ட்டுக்குக் கீழ உள்ள ஜீனர் டக்குனு திறக்காது, ரொம்ப முன்னாடியே கசிய ஆரம்பிச்சிரும்.

சரி டிவிஎஸ் (திடீர் வோல்டேஜ் ஏத்தத்தைப் புடிக்கிற டயோடு) போடலாம்னு எஸ்எம்ஏஜே 5.0ஏங்கற மாடலோட டேட்டாஷீட்டை எடுத்தா, 5 வோல்ட்ல லீக்கேஜ், அதாவது சும்மா கசியுற கரண்ட், அதிகபட்சம் 800 மைக்ரோ ஆம்ப்! 4.2ல குறையும்தான், ஆனா எவ்ளோன்னு டேட்டாஷீட் உத்தரவாதம் தராது. 800னே வெச்சா ஒரு நாளைக்கு 19 எம்ஏஹெச், செல் ஒரு மாசம் தாங்காது.

அப்பதான் உருப்படியா யோசிச்சேன், வோல்டேஜ் ஏத்தம் எங்கிருந்து வருது? செல் தானா 4.2ஐ தாண்டாது, வர்ற வழி சார்ஜிங் போர்ட் மட்டும்தான். அங்க ஸ்கோப் வெச்சு கேபிளை சொருகினா, கேபிள் இண்டக்டன்ஸும் 10 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்து 5 வோல்ட் அடாப்டர் ஒரு கணம் 9ஐ தாண்டுது, சார்ஜர் ஐசி தாங்குறதோ 7. டிவிஎஸ்ஸை ஐசிக்கு முன்னாடி வெச்சா லீக்கேஜ் அடாப்டர் கணக்குல போயிரும், ஐசி வழியா செல்லுல இருந்து பின்னாடி கசியாதான்னு மட்டும் பார்த்துக்கணும். ஆனா அந்த டிவிஎஸ் முழு சர்ஜ்ல (திடீர் கரண்ட் பாய்ச்சல்) கிளாம்ப் பண்றதே 9.2 வோல்ட்ல, அது தனியா காப்பாத்தாது. செராமிக்கோட ஒரு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் சேர்த்தேன், அதோட ஈஎஸ்ஆர் (உள்ளுக்குள்ள இருக்கிற ரெசிஸ்டன்ஸ்) வோல்டேஜ் ஆட்டத்தை அடக்கி பீக் 6க்குக் கீழ வந்துச்சு. தப்பான அடாப்டரை யாராவது சொருகினா கட் பண்ண ஓவிபி (ஓவர்வோல்டேஜ் புரொடெக்‌ஷன்) ஐசி ஒண்ணும் முன்னால நிக்குது. செல் பக்கம் ஜீனர் இருந்த ரெண்டு பேடும் இப்போ காலிதான்.