செல்ஃப் அடித்தால் ஒரே ஒரு ‘டக்’

அப்பாவின் பிக்கப்புக்குப் பதினான்கு வயது. சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய டீசல் என்ஜின். எங்கள் தோட்டத்து முருங்கையும் அக்கம்பக்கத்துத் தக்காளியும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவது இதில்தான். நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தால் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு இந்த வண்டிக்கு அடியில் படுத்துவிடுவேன். எனக்கு இதைவிடப் பிடித்த பொழுதுபோக்கு வேறு இல்லை.

முதல் ஞாயிறு

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் அமைதி. விட்டுவிட்டு மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு ‘டக்’. மூன்று நாட்களாக இப்படித்தான் என்றார் அப்பா. வண்டியை மேட்டில் நிறுத்தி, காலையில் உருட்டிவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கிறார். அப்படி உருட்டினால் முதல் குலுக்கலிலேயே பிடித்துக்கொள்கிறது. அப்படியென்றால் டீசல், கம்ப்ரஷன் இரண்டும் சரி. கோளாறு என்ஜினைச் சுற்றிவிடும் பக்கம்தான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

“பேட்டரி போயிருச்சுடா. புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுருவோம்” என்றார் அப்பா. பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: “ஒரு மாசமா ஆக்சிலேட்டர் வேற இறுக்கமா இருக்கு. அதுக்கும் கொஞ்சம் எண்ணெய் விடு.” அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணெய் விட்டால் சரியாகிற சின்ன வேலை என்று நினைத்துவிட்டேன்.

பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் காட்டும். 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டு எடுத்துப் பார்த்தேன். மிதவை எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் நின்றது. ஏதாவது ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், இங்கே அப்படி இல்லை.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அம்மாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். லைட் லேசாக மங்கியது, அவ்வளவுதான். பேட்டரி செத்திருந்தால் லைட் மொத்தமாக அடங்கிப்போகும். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்சான சொலினாய்டும் ஒரு முறை அடித்துவிட்டு நிற்காமல் ‘டகடகடக’ என்று துடிக்கும். லைட் தாக்குப்பிடித்ததால் செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய கரண்ட் போகவில்லை என்று தெரிந்தது. இது வரை நான் யோசித்தது சரிதான்.

அதற்கப்புறம்தான் ஒரு நாளை வீணாக்கினேன். கரண்ட் போகவில்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்குள்தான் கோளாறு, சொலினாய்டின் செம்புத் தகடு கருகியிருக்கும் அல்லது சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும் என்று முடிவுகட்டி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரையே இறக்கினேன். இறக்குவதற்கே இரண்டரை மணி நேரம் ஆனது. மேல் போல்ட்டைக் கை பார்த்துத்தான் கழற்ற வேண்டும், கண்ணால் பார்க்க முடியாது. கீழே வைத்து, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜம்பர் ஒயரில் நேராகக் கரண்ட் கொடுத்தால், மோட்டார் உதைத்துக்கொண்டு சுற்றுகிறது! என்ஜினைச் சுற்றிவிடும் சின்னப் பல்சக்கரமான பினியன் வெளியே வந்து போகிறது. கார்பனில் பாதிக்கு மேல் மிச்சம். ஒரு குறையும் இல்லை.

திரும்ப மாட்டி முடிக்கும்போது இருட்டிவிட்டது. சாவியைத் திருப்பினால் அதே ‘டக்’.

இரண்டாவது ஞாயிறு

வாரம் முழுக்க இதே யோசனை. வெளியே சுற்றுகிற மோட்டார் வண்டிக்குள் சுற்றவில்லை என்றால், மிச்சம் இருப்பது ஒயர்கள்தான். ஆனால் ஒயர்களையும் நான் முதல் ஞாயிறே பார்த்திருந்தேன். மீட்டரை ‘பீப்’ சத்தம் போடுகிற இடத்தில் வைத்துத் தொட்டால், எல்லா ஒயரிலும் பீப் அடித்தது. டெஸ்ட் லைட்டும் பிரகாசமாக எரிந்தது. நான் ஏமாந்த இடம் இதுதான். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

டெஸ்ட் லைட் எரிய அரை ஆம்பியர் போதும். மீட்டர் பீப் அடிக்க அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. செல்ஃப் மோட்டாரோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். வாய்க்காலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் அடைப்பு இருப்பது தெரியாது, மடை திறந்தால்தான் எங்கே தேங்குகிறது என்று தெரியும். கணக்காகவே பார்க்கலாம். ஓர் இணைப்பில் 0.04 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். சாதா மீட்டரில் அதை அளக்கவே முடியாது, மீட்டரின் சொந்த ஒயருக்கே 0.2 ஓம் இருக்கும். ஆனால் அதே 0.04 ஓம் வழியாக 150 ஆம்பியர் போக முயன்றால் அங்கேயே 6 வோல்ட் காணாமல் போகும்.

ஆகவே அளக்க வேண்டியது தடையை இல்லை. செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வோர் இணைப்பிலும் எத்தனை வோல்ட் தின்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒயரின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. நல்ல ஒயர் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கமாகக் காட்டும். கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் பக்கம் 0.2, பாசிட்டிவ் பக்கம் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அம்மா டிரைவர் சீட்டில். நான் “திருப்பும்மா” என்றால் மூன்று எண்ணும் வரை திருப்புவார். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தேன், 11.4. பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.3. அது நல்ல ஒயர். மோட்டாரின் அந்தப் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 4.2 மட்டும். பாவம், 4 வோல்ட்டில் அது எப்படிச் சுற்றும்? பேட்டரி நெகட்டிவுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் 0.1. கடைசியாகச் சேஸிஸில் ஒரு முனை, என்ஜின் பிளாக்கில் ஒரு முனை.

6.8.

வண்டிக்கு அடியில் படுத்தபடியே மனதில் கூட்டிப் பார்த்தேன். 0.3, 4.2, 6.8, 0.1. சரியாக 11.4. பேட்டரி கொடுத்த ஒவ்வொரு பத்தில் ஒரு வோல்ட்டுக்கும் கணக்கு வந்துவிட்டது. அந்த நொடி எனக்கு உண்டான சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

உறுதிப்படுத்த ஒரே ஒரு சோதனை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை என்ஜினைத் தூக்குகிற கொக்கியிலும் மாட்டிவிட்டு, “திருப்பும்மா” என்றேன். என்ஜின் விறுவிறுவென்று சுற்றி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அம்மா பயந்துபோய்ச் சாவியை விட்டுவிட்டார்.

கியர்பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பட்டையாகப் பின்னிய எர்த் ஒயர் ஒன்று இருக்கும். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு எர்த் கிடைப்பது இந்த ஒரு பட்டையால்தான். 13ஆம் நம்பர் ஸ்பேனரில் போல்ட்டைக் கழற்றினேன். செம்புப் பின்னல் முழுக்கப் பச்சைக் களிம்பு, கையில் எடுத்ததும் பாதி இழைகள் உதிர்ந்தன. ஆனால் அதைவிட, சேஸிஸில் அது உட்கார்ந்திருந்த இடம்தான் எல்லாவற்றையும் சொன்னது. பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். நடுவில் போல்ட் ஓட்டையைச் சுற்றி மோதிரம் போலத் துரு.

எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். காட்டுவதற்கு முன் எல்லோரையும் போல நாங்களும் சேஸிஸுக்குப் பெயிண்ட் அடிப்போம். போன முறை பெயிண்ட் அடித்தவர் இந்த ஒயரைக் கழற்றி, அதன் அடியிலும் அடித்து, காய்ந்த பெயிண்ட்டின் மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறார். போல்ட்டின் மரை வழியாக இத்தனை நாள் எப்படியோ கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மழைக்காலம் வந்தது, துரு ஏறியது, வழி அடைத்துக்கொண்டது. வண்டியைப் பார்த்துப் பார்த்து அழகாக்கியதில் வந்த வினை இது என்று நினைக்கும்போது வருத்தமாக இருந்தது. பெயிண்ட் அடிக்கக் கொடுப்பவர்கள் தயவுசெய்து எர்த் போல்ட் இருக்கும் இடங்களை மட்டும் சுரண்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

அப்போதுதான் அப்பா சொன்ன ஆக்சிலேட்டர் நினைவுக்கு வந்தது. கரண்டுக்கு ராஜபாட்டை அடைத்துவிட்டால் அது சந்துபொந்து தேடும். பாடியிலிருந்து என்ஜினுக்குப் போகிற இன்னோர் இரும்புக் கம்பி, ஆக்சிலேட்டர் கேபிள்! ஜம்பரை எடுத்துவிட்டு, ஒயரைப் பழையபடி தொங்கவிட்டு, மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு கேபிளின் உறையைத் தொட்டேன். சுட்டது. ஒரு மாதமாகச் செல்ஃப் மோட்டாரின் கரண்டில் ஒரு பங்கு அந்த மெல்லிய கேபிள் வழியாக ஓடி, உள்ளே இருக்கும் நைலான் குழாயை உருக்கியிருக்கிறது. அதனால்தான் இறுக்கம். அன்றைக்கே அவர் பேச்சைக் கவனித்திருந்தால் மோட்டாரை இறக்கியிருக்கவே வேண்டாம்.

செவ்வாய் இரவு

திண்டுக்கல்லில் ஒரு பேட்டரிக் கடையில் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒன்றரை அடி வாங்கி, இரண்டு முனையிலும் போல்ட்டில் மாட்டும் லக் வளையம் வைத்து அழுத்தி வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். சேஸிஸில் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கினேன். இறுக்கியபின் மேலே கிரீஸ்.

அளந்தேன். எர்த் ஒயரில் 0.1, மோட்டாருக்கு 9.9, பேட்டரியில் 10.5. கேட்கவே ஆசையாக இருக்கிற வேகத்தில் சுற்றியது.

ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை.

பத்து நொடி அடித்து, ஒரு நிமிஷம் ஆறவிட்டு, மறுபடி பத்து நொடி. தொடர்ந்து அடித்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும், அதனால் அந்த இடைவெளியை விடவே கூடாது. நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. அப்பா சைலன்சர் பக்கம் போய் நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “துளி புகை இல்லடா” என்றார். எனக்கு வேண்டிய தகவல் அதுதான். டீசல் உள்ளே போய் எரியாமல் இருந்தால் வெள்ளைப் புகை வரும். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

சாவியை ஆன் செய்தால் டீசல் பம்ப்பில் டீசலைத் திறந்து மூடும் கட் ஆஃப் சொலினாய்டு ‘டிக்’ என்றது. அது திறக்கிறது. அப்படியானால் ஏர் பிடித்திருக்க வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்தினேன். டீசலுக்குப் பதிலாக நுரை. சோப்புத் தண்ணீர் போலச் சின்னச் சின்னக் குமிழ்கள். இருபது, முப்பது முறை அழுத்தியும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது.

ஞாயிறு அன்று எர்த் போல்ட்டுக்குக் கை போவதற்காக டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஓஸை ஓரமாக வளைத்து ஒதுக்கியிருந்தேன். அங்கே போய்ப் பார்த்தால், கிளிப்புக்கு ஒட்டியே ஓஸின் நுனியில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. டேங்க்கிலிருந்து ஃபில்டர் வரை உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரம் இல்லை என்பதற்காக அந்தப் பக்கத்தை நல்லது என்று நினைத்துவிடக் கூடாது.

ஓஸ் நீளமாகத்தான் இருந்தது. வெடித்த ஓர் அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு, புதுக் கிளிப் போட்டு இறுக்கினேன். மறுபடி கைப்பம்ப். நுரை, அப்புறம் பெரிய குமிழ், அப்புறம் குமிழே இல்லாத தெளிந்த டீசல். ஏர் ஸ்குருவை இறுக்கினேன். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, அம்மாவை அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் டீசல் துள்ளி வந்ததும் இறுக்கினேன். இதை இந்த மாதிரிப் பழைய பம்ப் வண்டியில் மட்டும்தான் செய்யலாம், அதிலும் கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு. கம்ப்யூட்டர் வைத்த புது டீசல் வண்டிகளின் சிஆர்டிஐ என்ஜினில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும், அந்த நட்டில் கை வைக்கவே கூடாது. டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

நான்காவது நட்டை இறுக்கும் முன்பே இரண்டு சிலிண்டர் பிடித்து, வண்டி நொண்டி நொண்டி ஓட ஆரம்பித்தது. இறுக்கியதும் நான்கும் சேர்ந்துகொண்டன. சைலன்சரில் வெள்ளையாக ஒரு கொத்துப் புகை வந்து ஓய்ந்தது. டைனமோ 14.1 காட்டியது. மணி பதினொன்றரை.

புதன் காலை

அப்பா வண்டியை மேட்டில் நிறுத்தவில்லை. இரவே வாசலில், சமதரையில் விட்டிருந்தார். நாலு மணிக்கு முருங்கைக் கட்டுகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். நான் திண்ணையில் படுத்தபடியே கேட்டேன். அரைச் சுற்றுகூட இல்லை, பிடித்துக்கொண்டது. போகிற போக்கில், “ஆக்சிலேட்டர் இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேபிள் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு மாட்ட வேண்டும். டேங்கிலிருந்து வரும் ஓஸ் முழுவதையும் அன்றைக்கே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.