ட்ரிகரை இழுத்ததும் செத்துப்போகும் பேக்: பழைய 18 வோல்ட் டிரில்லுக்கு லித்தியம்

ஒருவழியாக டிரில் நிற்காமல் ஓடுகிறது. அயினிப் பலகையில் எட்டு மில்லிமீட்டர் பிட்டை வைத்து முழு ட்ரிகரில் அழுத்தினாலும் பேக் (பேட்டரி அடுக்கு) படுத்துக்கொள்வதில்லை. இதற்கு நான் பட்ட பாட்டை எங்கேயாவது கொட்ட வேண்டும். செல் அடுக்குவது, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் பார்க்கும் பேலன்ஸ் வயர் இழுப்பது எல்லாம் உங்களுக்குக் கைவந்த வேலை, அதற்குள் போகவில்லை.

டிரில் நிக்கல் காட்மியம் காலத்து ஆள். பிரஷ் மோட்டார், உலோகக் கியர், கையில் எடுத்தால் கனம் தெரியும். இன்றைக்கு அதே விலைக்குக் கிடைப்பதில் பிளாஸ்டிக் கியர்தான் இருக்கிறது, அதனால் தூக்கிப்போட மனம் வரவில்லை. எனக்கு அதில் முக்கால்வாசி வேலை தேன்பெட்டிதான். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் பெட்டிகள் இருக்கின்றன. ரப்பர் இலை கொட்டித் தளிர்த்ததும் தேன் வரத்து தொடங்கிவிடும். அதற்குள் ஸ்டாண்டு, அடிப்பலகை, மூடி எல்லாம் அங்கேயே வைத்து ஸ்க்ரூ முடுக்கியாக வேண்டும். தோட்டத்தில் பிளக் பாயிண்டு ஏது?

பழைய பேக்கில் சப்-சி என்ற குட்டை உருளை அளவில் பதினைந்து செல். எல்லாரும் காட்மியத்தைத் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். 1961-ல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பியில்லா டிரில்லை இறக்கியபோது உள்ளே இருந்தது இதுதான். மில்வாக்கியும் மக்கிட்டாவும் லித்தியத்துக்குத் தாவியது 2005 வாக்கில். அதுவரை இந்தத் தொழிலைச் சுமந்தது பெரும்பாலும் நிக்கல் செல்கள்தான். காரணம் ஒன்றே: உள்மின்தடை குறைவு. நல்ல சப்-சி செல் ஒன்றுக்கு ஐந்து மில்லி ஓம் அளவில்தான் இருக்கும். பதினைந்தும் சேர்ந்து 75. இருபது ஆம்பியர் இழுத்தாலும் ஒன்றரை வோல்ட்தான் விழும். சுத்தமாக வடித்துவிட்டு மூலையில் போட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் வரிசையில் ஒரு செல் சோர்ந்துவிட்டால் மற்றவை சேர்ந்து அதைத் தலைகீழாகச் சார்ஜ் ஏற்றிக் கொன்றுவிடும். என் பேக் போனதும் அப்படித்தான். தவிர காட்மியம் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கம்பியில்லாக் கருவிகளுக்குக் காட்மியம் பேட்டரி விற்க இருந்த சலுகையும் 2016 முடிவோடு போயிற்று.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் ஒன்றும் என்னிடம் உண்டு. அதே கூட்டுக்குள் கொள்ளளவு 3000 மில்லி ஆம்பியர் மணி, காட்மியத்தைவிட அதிகம். காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கிறது. சார்ஜ் போட்டு ஷீட்டுக் கூரைக்குக் கீழே வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து எடுத்தால் பாதி ஆவியாகிப் போயிருக்கும். சார்ஜ் நிறைந்ததும் வோல்ட்டேஜ் லேசாகச் சரியும், அதை வைத்துத்தான் சார்ஜர் நிறுத்த வேண்டும். இதில் அந்தச் சரிவு காட்மியத்தைவிட இன்னும் சின்னது. பழைய சார்ஜர் அதைத் தவறவிட்டு பேக்கைச் சுட வைக்கிறது. வாரக்கணக்கில் சும்மா கிடந்து திடீரென்று வேலை கொடுக்கும் என்னைப் போன்றவனுக்கு இது சரிப்படாது. தினமும் கருவி எடுக்கும் ஆசாரிக்குச் சரியாக இருக்கலாம்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு ஆசைப்பட்டேன். மார்த்தாண்டத்தில் சோலார் தெருவிளக்கு ரிப்பேர் செய்யும் இடத்தில் 32650 செல் சல்லிசாகக் கிடைக்கிறது. ஒரு செல் 3.2 வோல்ட், ஆயுள் நீளம், சூட்டில் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் 32 மில்லிமீட்டர் தடிமன். 18 வோல்ட் டிரில்லுக்கு ஆறு செல் வேண்டும், அவை இந்தக் கைப்பிடிக்குள் எந்தக் கோணத்திலும் போகவில்லை. வெளியே டப்பா கட்டி வயர் இழுத்தால் அதற்குப் பிறகு கம்பியில்லாக் கருவி என்று பெயர் எதற்கு? அவற்றைத் தோட்டத்து ஷெட் விளக்குக்கு ஒதுக்கிவிட்டேன்.

ஆக மிஞ்சியது 18650 என்ற, 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள லித்தியம் அயான் செல். ஐந்து வரிசை, இரண்டு இணை. முழுச் சார்ஜில் 21 வோல்ட். சிலர் 18 வோல்ட் மோட்டாருக்கு இது அதிகம் என்று பயப்படுகிறார்கள். சார்ஜரிலிருந்து எடுத்த சூட்டோடு நிக்கல் செல் 1.4 வோல்ட் காட்டும், பதினைந்தால் பெருக்கினால் அதே 21 வருகிறது. பெட்டியில் '20 வோல்ட்' என்று பெரிதாக அச்சடித்து வருவதும் இதே ஐந்து செல்தான்.

செல் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. 9800 என்று லேபிள் ஒட்டிய 18650-ஐ ஒரு கடையில் காட்டி, "அண்ணே, இதுதான் இப்ப மூவிங்" என்றார் பையன். இந்த அளவுச் செல்லில் நல்ல கம்பெனிக்காரன் கொடுப்பதே 3500-ஐ ஒட்டித்தான். தராசில் வைக்கச் சொன்னேன். நல்ல செல் 45 கிராமாவது இருக்கும், அது முப்பதைக்கூடத் தொடவில்லை. மில்லி ஆம்பியர் மணியைப் பார்த்து வாங்குவது டிரில்லுக்கு உதவாது. ஒரே மூச்சில் எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் கணக்கு. சாம்சங் 25ஆர் 2500 மில்லி ஆம்பியர் மணிதான், ஆனால் தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். லேப்டாப்பிலிருந்து உருவிய செல் 2600 என்று எழுதியிருந்தாலும் ஐந்து ஆம்பியருக்கே மூச்சு வாங்கும். நான் 25ஆர் வரவழைத்தேன். லித்தியம் செல்லைக் கூரியர்காரர்கள் விமானத்தில் ஏற்ற யோசிப்பதால் தரை வழியாக ஆடி அசைந்து நாகர்கோவில் வந்து சேர்ந்தது.

செல்களை இணைக்கும் நிக்கல் பட்டையிலும் ஏமாற்று உண்டு. இரும்புப் பட்டைக்கு நிக்கல் முலாம் பூசி 'பியூர் நிக்கல்' என்று விற்கிறார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மின்தடை மட்டும் அதிகம். நமக்குச் சோதனை சுலபம். சங்குத்துறைப் பக்கம் போனபோது பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்தேன். பட்டையை அரத்தால் இரண்டு கோடு இழுத்து அதில் போட்டு வைத்தால், இரும்பாக இருந்தால் விடிவதற்குள் கோட்டின் வழியே காவி நிறத்தில் பொருக்குத் தட்டியிருக்கும். முதலில் வாங்கிய சுருள் அப்படித்தான் பல்லைக் காட்டியது. இரண்டாவது கடைச் சுருள் பளபளவென்று அப்படியே கிடந்தது, அதையே இரட்டை அடுக்காக வெல்ட் அடித்தேன்.

இனிதான் விஷயம். பேக் தயார், செல்களைக் காக்க 40 ஆம்பியர் என்று எழுதிய பி.எம்.எஸ். (பேட்டரிப் பாதுகாப்பு) போர்டு போட்டாயிற்று. ட்ரிகரை மெதுவாக அழுத்தினால் டிரில் பாடுகிறது. சட்டென்று இழுத்தால் 'டிக்' என்று ஓர் அதிர்வு, அதோடு சரி. வெளிமுனையில் பூஜ்யம். சார்ஜர் முனையைக் காட்டினால்தான் மறுபடி உயிர் வருகிறது. தோட்டத்தில் நடுவேலையில் இப்படி ஆனால் பக்கத்தில் சார்ஜர் கிடையாது, கரண்டும் கிடையாது. பக்கத்து வீட்டு ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "மக்கா, இதுக்கு அந்தக் கைத் திருகு போதும் கேட்டியா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேடிக்கை என்னவென்றால், சோதனைக்காகக் கட்டி வைத்திருந்த லேப்டாப் செல் பேக்கை இதே போர்டில் மாட்டினால் கட் ஆகவே இல்லை! மட்டமான செல் ஓடுகிறது, நல்ல செல் நிற்கிறது. போர்டு கெட்டுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மோட்டாரின் மின்தடையை அளந்த பிறகுதான் புரிந்தது. சாதாரண மல்ட்டிமீட்டர் இவ்வளவு சின்ன மின்தடையைச் சரியாகக் காட்டாது. பெஞ்ச் சப்ளையில் ஒரு ஆம்பியர் வரம்பு வைத்து, மோட்டாரைச் சுற்றாமல் பிடித்துக்கொண்டு முனைகளில் மில்லி வோல்ட் பார்த்தேன்: 120. அதாவது 0.12 ஓம். மோட்டார் நிற்கும்போது வெறும் செம்புக் கம்பி மாதிரிதான் நடந்துகொள்ளும். சுழன்று, பேட்டரிக்கு எதிராகத் தானே ஒரு மின்னழுத்தத்தை எழுப்பிய பிறகே கரண்ட் அடங்கும். 25ஆர் பேக் 0.05, ஸ்விட்ச்சும் வயரும் 0.03 என்று வைத்தால் மொத்தம் 0.2 ஓம். இருபது வோல்ட்டுக்கு முதல் நொடித்துளியில் நூறு ஆம்பியர்! லேப்டாப் பேக் மட்டுமே 0.2 ஓம். அதில் மொத்தம் 0.35, கரண்ட் அறுபதைத் தொடவில்லை. போர்டு இரண்டாவதை மன்னித்து முதலாவதை ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்துக்கொள்கிறது. எழுதியிருக்கும் 40 ஆம்பியர் தொடர்ந்து ஓடும் கரண்டுக்கு. ஷார்ட் சர்க்யூட் எல்லை வேறு, அதைத் தாண்டினால் சில நூறு மைக்ரோ நொடியில் கதவைச் சாத்திவிடும். அந்த எல்லையை விற்பவர் யாரும் சொல்வதே இல்லை.

கெப்பாசிட்டர் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். நூறு ஆம்பியர் பத்து மில்லி நொடிக்கு என்றால் ஒரு கூலூம். 2200 மைக்ரோஃபேரட் ஒரு வோல்ட் இறங்கும்போது கொடுப்பது அதில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு, பேக்கை மாட்டும்போது கெப்பாசிட்டர் நிரம்ப இழுக்கும் கரண்டிலேயே போர்டு கட் ஆகிறது. ட்ரிகரை மெதுவாக அழுத்திப் பழகிக்கொள்ளலாம் என்றால், ஸ்க்ரூ தலை பலகையில் உட்காரும் அந்த நொடியில் மோட்டார் திணறுகிறதே, அதில் மறுபடி கட்.

இன்னொரு வழி, போர்டில் கரண்டை அளக்கும் சின்ன ரெசிஸ்டரின் முதுகில் அதே அளவில் இன்னொன்றைப் பற்றவைப்பது. எல்லை இரட்டிப்பாகிவிடும். பலர் செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கரண்டை வெட்டும் ஸ்விட்ச்சான மாஸ்ஃபெட்டுகள் அப்போதும் அதே பழையவைதான். அவை பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். டிரில் வழக்கம்போல் ஓடும், பாதுகாப்பு போயிருப்பது நமக்குத் தெரியவே தெரியாது. நூறு ஆம்பியர் போர்டு வாங்கலாம் என்றால் அது கூட்டின் மூடிக்குள் அடங்கவில்லை.

கடைசியில் கம்பெனிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். புது லித்தியம் பேக்குகளில் பிளஸ், மைனஸ் தவிர இன்னும் சில முனைகள் இருக்கும். பல பேக்குகளில் மோட்டார் கரண்டைப் பேக்குக்குள் வெட்டுவதே இல்லை. செல் இறங்கிவிட்டது என்று அந்த முனை வழியாகச் சொன்னால் கருவிக்குள் இருக்கும் சர்க்யூட் நிறுத்திக்கொள்ளும். என் டிரில்லுக்கு அந்த மூளை கிடையாது. ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். சார்ஜ் மட்டும் பி.எம்.எஸ். வழியாக, மோட்டார் கரண்ட் நேராக 30 ஆம்பியர் கார் பிளேடு ஃப்யூஸ் வழியாக. இந்த ஃப்யூஸ் சூடாகித்தான் உருகும் என்பதால் மில்லி நொடி வெள்ளத்தைக் கண்டுகொள்ளாது, நிஜமான ஷார்ட் வந்தால் போய்விடும். 32 வோல்ட் வரை தாங்குவது, நமக்குத் தாராளம். ஃப்யூஸ் செல்லின் பிளஸ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் நீளமாக வயர் விட்டால் அந்த நீளத்துக்குக் காவல் இல்லை. செல் மிகவும் இறங்கிவிடாமல் பார்க்க, ஆர்.சி. (ரிமோட் பொம்மை) விமானக்காரர்கள் பேலன்ஸ் வயர் முனையில் செருகும் லிப்போ அலாரம், வோல்ட்டேஜ் இறங்கினால் கத்தும். செல்லுக்கு 3.3 வோல்ட்டில் வைத்திருக்கிறேன், தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்துகிறது.

இப்போது அதே எட்டு மில்லிமீட்டர் பிட், அதே அயினி. ஓடும்போது மீட்டரில் விழுவது ஒரு வோல்ட்டும் சொச்சமும். லேப்டாப் பேக்கில் நாலு விழுந்தது, துளை முடியும் முன்பே மோட்டார் முனகும். தேன்பெட்டி ஸ்டாண்டுக் காலில் பெரிய ஸ்க்ரூவை முன்துளை இல்லாமல் இறக்கிப் பார்த்தேன், கிளட்ச் நழுவியதே தவிர பேக் அசரவில்லை. புதிதாக இருந்த காலத்தில் காட்மியம் பேக்கே இவ்வளவு இழுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

பழைய சார்ஜரைத் தூர வைத்துவிடுங்கள். நிக்கலுக்கான அந்தச் சார்ஜர் 21 வோல்ட்டில் நிற்காது, லித்தியத்தில் மாட்டினால் தீதான். பேக்கின் சார்ஜிங் முனையை வேறு வடிவ சாக்கெட்டாக மாற்றிவிட்டேன், வீட்டில் யாரும் தெரியாமல்கூடச் செருக முடியாது. செத்த காட்மியம் செல்களை ஆக்கர் (பழைய சாமான்) கடையில் எடைக்குப் போடவில்லை. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப வாங்கிக்கொள்வது தயாரிப்பாளர் பொறுப்பு. அது நடக்கிற வரை மூடிபோட்ட டப்பாவில் இருக்கட்டும்.

அலாரம் இன்னும் வெளியில்தான் தொங்குகிறது. அதுவே சொட்டுச் சொட்டாகப் பேக்கைக் குடிப்பதால் வேலை முடிந்ததும் கழற்றி வைக்கிறேன். ட்ரிகரோடு சேர்ந்து அமுங்கும்படி ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைக்க வேண்டும், கைப்பிடிக்குள் இடமும் பார்த்துவிட்டேன். அதை முடிப்பதற்குள் சோடியம் அயான் 18650 மேல் கண் போய்விட்டது. பூஜ்யம் வரை வடித்தாலும் கெடாது என்பது காட்மியம் பழக்கக்காரனுக்குத் தேன் மாதிரி சங்கதி. கொள்ளளவு 1500-ஐ ஒட்டித்தான். வோல்ட்டேஜ் வேறு நாலில் தொடங்கி ஒன்றரை வரை இறங்கும், டிரில்லின் வேகம் கூடவே தள்ளாடும். ஆறு வரிசை போட்டு முதல் பாதியை மட்டும் பயன்படுத்தலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு செல் என்றால் ஃப்யூஸை நகர்த்த வேண்டும், மூடியில் ஒரு தடுப்பையும் வெட்ட வேண்டியிருக்கும்.