அக்கா வீட்டு ஹாரி பாட்டர் முதல் அச்சுதானா?

லண்டனில் இருக்கும் அக்கா போன் செய்தாள். "தம்பி, பையனோட பழைய ஹாரி பாட்டர் பரண்ல கிடைச்சுது. 97லயே வாங்கினது. அதெல்லாம் கோடிக்கணக்குல போகுதாமே?"

அவள் கேள்விப்பட்டது பொய்யில்லை. 2021 டிசம்பரில் அமெரிக்க ஏலம் ஒன்றில் தொடரின் முதல் நூலான 'ஹாரி பாட்டர் அண்ட் த ஃபிலாசஃபர்ஸ் ஸ்டோன்' முதல் அச்சுப் பிரதி ஒன்று 4,71,000 டாலருக்குப் போனது. ஆனால் அது கெட்டி அட்டைப் பிரதி. 1997 ஜூன் 26 அன்று ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் வெளியிட்டபோது கெட்டி அட்டையில் அச்சிட்டது 500 பிரதிகள்தான். அதிலும் 300 நூலகங்களுக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். அவற்றுக்கு மேலுறை கிடையாது, படம் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். மேலுறை போட்ட பிரதியைக் காட்டி முதல் அச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அக்காவிடம் இருந்தது மெல்லிய அட்டைப் பிரதி. அதுவும் அதே நாளில் வந்ததுதான், எண்ணிக்கைதான் அதிகம். சரி, முன்னட்டை வேண்டாம், தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் வரும் காப்புரிமைப் பக்கத்தைத்தான் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முன்னட்டைப் படம் பிறகு வந்த எத்தனையோ அச்சுகளிலும் அதேதான்.

அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஏமாறும் ஒரு வரி உண்டு: 'முதல் வெளியீடு 1997'. மறுஅச்சுகளிலும் அந்த வரி அப்படியே இருக்கும். பார்க்க வேண்டியது கீழே உள்ள எண் வரிசையை. 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒன்று வரை இருந்தால் முதல் அச்சு. அடுத்த அச்சுக்கு ஒன்றை எடுத்துவிடுவார்கள், அதற்கடுத்ததற்கு இரண்டை. மிச்சமிருப்பதில் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். அக்கா அனுப்பிய படத்தில் அந்த ஒன்று தெளிவாகவே இருந்தது. காப்புரிமை வரியிலும் ஆசிரியர் பெயர் ஜே.கே. ரௌலிங் என்று இல்லாமல் ஜோஆன் ரௌலிங் என்ற முழுப்பெயர். அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டேன்.

நேரில் முதலில் திறந்தது 53ஆம் பக்கம். பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் மந்திரக்கோல் முதல் வரியிலும் கடைசி வரியிலுமாக இருமுறை வந்திருந்தது. பின்னட்டையில் தலைப்பின் 'ஃபிலாசஃபர்ஸ்' என்ற சொல்லில் ஆங்கில எழுத்து 'ஓ' ஒன்று விடுபட்டிருந்தது. பிரபலமான பிழைகள் இவை. ஆனால் பிழையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, பிந்தைய சில அச்சுகளிலும் அவை தலைகாட்டும். எண் வரிசையோடு சேர்ந்தால்தான் சாட்சி. முன்னட்டையில் சிறுவர் நூல்களுக்கான ஸ்மார்ட்டீஸ் பரிசின் முத்திரையும் இல்லை. அந்தப் பரிசு 1997 நவம்பரில்தான் கிடைத்தது என்பதால், முத்திரை இருந்தால் அதற்குப் பிந்தைய அச்சு.

அப்புறம் ஓர் அரிய நூல் வியாபாரியிடம் எடுத்துப் போனோம். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, எதுவும் விடுபடவில்லை, எதையும் மாற்றி ஒட்டவில்லை என்று உறுதி செய்தார். முதல் அச்சேதான் என்று எழுதியும் கொடுத்தார். முதுகு மடிந்திருப்பதாலும், பையன் முதல் பக்கத்தில் பேனாவால் பெயர் எழுதியிருப்பதாலும் விலை நன்றாகவே குறையும் என்றார். பெயரை அழிக்கவோ முதுகுக்கு செல்லோடேப் ஒட்டவோ முயன்றால் இன்னும் குறையுமாம். எனக்கென்னவோ, குழந்தை படித்த தடம் இருக்கும் பிரதிதான் பிடிக்கிறது.

அக்கா வீட்டுக் காப்பீட்டில் அதைச் சேர்த்துவிட்டாள். விற்பதா வேண்டாமா என்பது புத்தகத்தில் பெயர் எழுதியவன் எடுக்க வேண்டிய முடிவு.